வன்னியில் கூத்துப் பார்க்க வருகிறவர்களுக்கு

வன்னியில் நல்ல ஆட்டம் பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது. கோயில் வீதியிலோ பாடசாலை மைதானத்திலோ ஒரு பாயை விரித்து உட்கார்ந்தால் சரி. பங்குனி தொடங்கி ஆவணி வரை, மழை குறைந்த மாதங்களில், ஏதாவது ஓர் ஊரில் கூத்து நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதைப் பெரிதாக விளம்பரம் செய்கிற பழக்கம் மட்டும் நம்மவர்களிடம் இல்லை. ஊருக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். இங்கே மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து மாமா வீட்டில் நிற்கிற பிள்ளைகள், கொழும்பிலிருந்து நாட்டார் கலை தேடி வருகிற மாணவர்கள் எல்லோரும் வந்த இடத்தில் ஒரு கூத்தும் காணாமல் திரும்பிப் போவதற்குக் காரணம் இதுதான்.

வழிமுறைக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அறிய எவரும் கூத்துக்குப் போவதில்லை. காத்தவராயன் கழுமரம் ஏறுவான், கோவலன் மதுரையில் வெட்டுப்படுவான். முன்வரிசையில் தூங்கி வழிகிற குழந்தைக்கும் அது தெரியும். தெரிந்த கதையை இந்த ஊர்க்காரர் எப்படி ஆடுகிறார்கள் என்பதே பார்க்க வேண்டியது. ஆகவே ஒரு கூத்தைப் பார்த்துவிட்டு ‘பார்த்தாயிற்று’ என்று எழுந்துவிடாதீர்கள். அதே கதையை இன்னோர் ஊர் ஆடும்போதும் போய்ப் பாருங்கள். உங்கள் பயணத்தை அதற்கேற்றபடி வகுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாட்காட்டி

கூத்துக் காலத்தைத் தீர்மானிப்பது வயல். காலபோக நெல் மாசி, பங்குனியில் வெட்டி முடியும். அப்போதுதான் ஆட்களுக்கு ஓய்வு, கையில் கொஞ்சம் காசு, வெட்டையில் காய்ந்த தரை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை பிடித்தால் தை வரை திறந்த வெளியில் ஒன்றும் செய்ய முடியாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிற பக்கங்களில் இடையில் வேலை இருக்கும். இருந்தாலும் இரவு அவர்களுடையதுதான்.

கோயில் திருவிழாக்களைக் குறித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கிளிநொச்சி மாவட்டத்தில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கல் பங்குனி உத்தரத்தை ஒட்டி வருகிறது. முல்லைத்தீவில் வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை. வன்னியின் ஆகப் பெரிய கூட்டம் அதுதான். கடலில் எடுத்துவரும் தீர்த்தத்தை முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்பு நீரில் விளக்கெரிப்பார்கள். ஒரு வாரம் கழித்து அது வற்றாப்பளைக்குப் போகும். பெரிய பொங்கல்களைச் சுற்றியுள்ள கிழமைகளில் அயல் ஊர்களின் சிறிய அம்மன் கோயில்களிலும் வைரவர் கோயில்களிலும் பொங்கல், மடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கூத்துக்கு நீங்கள் தேட வேண்டியது அந்தச் சிறிய கோயில்களை. வற்றாப்பளைக் கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது.

மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவோடு சேர்த்துத் திட்டமிடலாம். கத்தோலிக்க ஊர்களில் பங்குத் திருநாள்களை ஒட்டிப் புனிதர் வரலாற்றுக் கூத்துகள் ஆடுவார்கள்.

மே மாத நடுப்பகுதியில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள். அதற்கு முந்திய கிழமையில் ஊர்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். 2009இல் யாரையும் இழக்காத வீடு இந்தப் பக்கத்தில் அரிது. அந்தக் கிழமையில் ‘எங்கே ஆட்டம்?’ என்று விசாரித்துத் திரிய வேண்டாம். கஞ்சி தந்தால் வாங்கிக் குடியுங்கள். பொங்கல் அதே கிழமையில் வந்தாலும் அது வழிபாடாக நடக்கும், கேளிக்கையாக அல்ல.

யாரிடம் கேட்பது

இணையத்தில் தேடினால் பழைய படங்கள்தான் கிடைக்கும். ஆளிடம் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். எந்த ஊரில் எந்த மன்றம் எதைப் பழகுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். சனசமூக நிலையத்தில் பேப்பர் படிக்கிற வயதானவர்களுக்கு அவரைவிடக் கூடத் தெரியும். சந்தித் தேநீர்க் கடையும் நல்ல இடம். பந்தல் போடுகிறவர், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர் ஆகியோரின் கொப்பியில் அடுத்த இரண்டு மாதத் திருவிழாக்கள் தேதிவாரியாக இருக்கும். என் கணிப்பில் ஒலிபெருக்கிக்காரரை மிஞ்சிய தகவல் அலுவலகம் வன்னியில் இல்லை.

கேட்கும்போது, ‘டான்ஸ் புரோகிராம் எப்போது?’ என்று கேட்டால் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு அனுப்பிவிடுவார்கள். ‘இந்த முறை என்ன கூத்து ஆடுகிறார்கள், யார் அண்ணாவியார்?’ என்று கேளுங்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற ஆசான்தான் அண்ணாவியார். அவர் பெயரைக் கேட்டுவிட்டால் உங்களை ஒரு ஆளாக மதித்துப் பேசுவார்கள்.

பிரதேச செயலகங்கள் நடத்தும் கலாசார விழாக்களும் உண்டு. அவையும் இலவசம். கும்மி, கோலாட்டம், கரகம், காவடி, பொய்க்கால் குதிரை என்று பல ஊர்க் குழுக்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம். விழா தொடங்குமுன் வீதியில் வரும் ஊர்வலம்தான் அதில் நல்ல பகுதி. பிள்ளைகள் தவிலுக்குச் சரியாக அடியெடுத்து வருவார்கள். மண்டபத்துக்குள் போனபின் மங்கல விளக்கேற்றுவதற்கு விருந்தினர் வரிசையாக எழுவார்கள், பிறகு உரைகள். கூத்து என்று அறிவித்ததை இருபது நிமிடத்துக்கு வெட்டிச் சுருக்கி ஆடச் சொல்வார்கள். கையில் ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் அதற்குப் போங்கள். ஓர் இரவு இருக்கிறது என்றால் கோயில் வீதிக்குப் போங்கள்.

எந்தக் கூத்து

வன்னி என்றால் எது என்று தேர்தல் ஆணைக்குழுவிடம் கேட்டால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு என்பார்கள். கிளிநொச்சி அவர்கள் கணக்கில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்துவிடும். கூத்துக்காரருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இந்த நான்கு மாவட்டங்களிலும் நடக்கிற ஆட்டம் வேறு வேறு.

முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்குக் காத்தவராயன் கூத்தைத்தான் சொல்வேன். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் ஆடப்படும் இதை ‘காத்தான் கூத்து’ என்றால்தான் ஊரில் புரியும். சிந்து நடையில் போவது. பாட்டு இலகுவானது, மெட்டு ஒருமுறை கேட்டால் காதில் தங்கிவிடும். ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் போதும். மாரியம்மனின் பிள்ளை காத்தான், எட்டாத குலத்துப் பெண்ணான ஆரியமாலையை விரும்புகிறான். தாய் தடுக்கிறாள், அவன் கேட்பதாயில்லை, கடைசியில் கழுமரம். புதியவர்களைக் குழப்புகிற விடயம் ஒன்று இதில் உண்டு: காத்தானாக ஒரே இரவில் பலர் வருவார்கள். சிறுவன் காத்தான், அடுத்த காத்தான், அதற்கடுத்த காத்தான் என்று வயதுக்கு ஒருவர். ஆள் மாறியதும் ‘இவர் யார்?’ என்று பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் கேட்க வேண்டாம், அவனும் காத்தான்தான். சின்னப் பையனாக ஆடியவன் சில வருடங்களில் அடுத்த காத்தானாக வளர்ந்து வருவதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேடையில் கதை நடக்கிறது, அதற்குப் பின்னால் ஊர்ப் பிள்ளைகள் ஆளாகிற கதையும் நடக்கிறது.

முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்தின் சொத்து கோவலன் கூத்து. முல்லைமோடி என்று இந்த ஆட்டமுறையைச் சொல்வார்கள். மத்தளம்தான் இதற்கு உயிர். காத்தான் பாட்டால் இழுத்துச் செல்கிறது என்றால், கோவலன் காலால் இழுத்துச் செல்கிறது. ஒருவர் அரங்கில் நுழையும்போது வரவுப் பாட்டுக்கு அவர் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தாலே அவர் அரசனா, வணிகனா, ஏவலாளா என்று தெரிந்துவிடும். வற்றாப்பளை அம்மன் கண்ணகிதான் என்பதை மறக்காதீர்கள். மதுரையை எரித்த பிறகு அவள் கிழவி வடிவில் நந்திக்கடல் ஓரம் வந்து மாடு மேய்த்த சிறுவர்களிடம் பசிக்குப் பொங்கல் கேட்டாள், எண்ணெய் இல்லாமல் கடல்நீரில் விளக்கெரிக்கச் சொன்னாள் என்பது இந்த ஊரின் கதை. நூலில் படித்த பழங்கதையைப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தோடு நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்துப் பாயில் இருக்கும் அம்மா தன் ஊர்த் தெய்வத்தின் துயரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவற்றை விட்டால், கொம்பன் யானையை அடக்கிய அரியாத்தையின் கதை, 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனின் கதை என்று வன்னிக்கே உரியவை உண்டு. மன்னாரில் வடபாங்கு, தென்பாங்கு என்று இரண்டு மரபு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

போய்ச் சேருவது

கொழும்பிலிருந்து ரயிலில் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இறங்கலாம். ஏ9 வீதியில் பஸ் எந்த நேரமும் உண்டு. முல்லைத்தீவுப் பக்கம் என்றால் மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் வழியாகப் போகலாம், சுமார் 50 கிலோமீற்றர். பரந்தனில் இறங்கி விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போவது மற்ற வழி. சிக்கல் இருப்பது பிரதான வீதியிலிருந்து உள்ளே ஊருக்குப் போவதில்தான். உள்வீதிகளில் கடைசி பஸ் பொழுதுபடும் நேரத்தோடு போய்விடும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய்விடுங்கள்.

திரும்புவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கவலைக்கு இடமில்லை: கூத்து முடியும்போது விடிந்திருக்கும், முதல் பஸ் வந்துவிடும். நடுச்சாமத்தில் எழுந்து போக நினைக்கிறவர்களுக்குத்தான் சிக்கல். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கக் காட்டு வீதிகளில் இரவில் யானை நிற்கும். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் போவது முட்டாள்தனம். தெரியாத பற்றைக்குள் ஒதுங்கப் போவதும் கூடாது. மிதிவெடி அகற்றும் பணி முடியாத நிலங்கள் இன்னும் உண்டு. சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால் அந்தப் பக்கம் காலே வைக்க வேண்டாம். நடந்து பழகிய தடத்தில் மட்டும் நடங்கள். மலசலகூடம் பாடசாலையில் திறந்திருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

கொண்டுபோக வேண்டியவை குறைவு. பாய் அல்லது சிறிய படங்கு, தண்ணீர்ப் போத்தல், டோர்ச், நுளம்புக்குப் பூசும் களிம்பு, விடியப்புறம் போர்த்த ஒரு துவாய். பகலில் வெயில் 35 பாகையை எட்டினாலும் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் விடியற்காலை உடம்பு கூசும். கதிரை கொண்டுபோக வேண்டாம், பின்னால் இருப்பவர்கள் ஏசுவார்கள். சாப்பாடும் வேண்டாம். கோயிலில் சோறு கிடைக்கும், வீதியோரம் கச்சானும் வடையும் தேநீரும் விடியும் வரை விற்பார்கள். கோயில் வீதி என்பதால் மச்சமும் (மீன், இறைச்சி) மதுவும் ஆகாது. வேட்டியோ நீளக் காற்சட்டையோ, பெண்கள் சேலையோ சுரிதாரோ அணிந்து போகலாம்.

இரவு எப்படிப் போகும்

எட்டு மணிக்குத் தொடக்கம் என்று துண்டுப்பிரசுரத்தில் இருந்தால் பத்து மணி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூசை முடிய வேண்டும், ஜெனரேட்டர் வர வேண்டும், ஊரின் முக்கியமான ஒருவர் சாப்பிட்டு வர வேண்டும். அந்த இரண்டு மணித்தியாலத்தை வீணாக்காமல் ஒப்பனை நடக்கும் இடத்துக்குப் போங்கள். அனுமதி கேட்டு, வாசலில் நின்று பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு வகுப்பறை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்கில் ராசா உட்கார்ந்திருப்பார், முகத்தில் பாதி ரோஸ் நிறம், மறுபாதி பகல் முழுக்க வயலில் நின்ற கறுப்பு. பெண் வேடத்துக்கு முன்பெல்லாம் ஆண்கள்தான், இப்போது பல ஊர்களில் பெண்களே ஆடுகிறார்கள். ஒரு மூலையில் மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர்விட்டுப் பிசைந்து இடப்பக்கத் தோலில் அப்பிக்கொண்டிருப்பார். அப்பி, தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி தட்டுவார். அந்த ஒலி கனமாக ‘தொம்’ என்று இறங்கும் வரை அவர் யாரோடும் பேசமாட்டார். காலில் சதங்கை கட்டியதும் ஆடுகிறவர்கள் அண்ணாவியாரின் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அந்த நேரத்தில் குறுக்கே போகாதீர்கள், படமும் எடுக்காதீர்கள்.

உட்கார இடம் பிடிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. முன்வரிசை சிறுவர்களுக்கு உரியது. அவர்களோடு போட்டி வேண்டாம். அரங்கின் பக்கவாட்டில், பிற்பாட்டுக்காரரும் தாளக்காரரும் இருக்கும் பக்கமாக உட்காருங்கள். இப்போதெல்லாம் ஒலிபெருக்கியில் ஆர்மோனியத்தைத் தூக்கிவைத்து மற்றதெல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறார்கள். அதைப் பற்றி நான் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், பலனில்லை. பக்கத்தில் இருந்தால் நேரடியாகவே காதில் விழும், கால் தரையில் விழுகிற ஓசையும் கேட்கும். மண் தரையில் ஆடும்போது புழுதி எழாமல் இருக்கத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். சாமத்துக்குப் பிறகு அது காய்ந்துவிடும். தும்மல்காரர்கள் காற்றடிக்கும் பக்கத்தை முதலே பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் மணித்தியாலம் மெதுவாகப் போகும். காப்பு, கடவுள் வணக்கம், ஒவ்வொருவராக வரவு. பொறுமையாக இருங்கள், அந்த வரவுகளில்தான் ஆட்டத்தின் அகராதி முழுவதும் இருக்கிறது. சாமத்தில் பகிடிக்காரர் வருவார், அயல் ஊரையும் பிரதேச சபையையும் கிண்டலடிப்பார், தூங்கியவர்கள் எழும்புவார்கள். அதன் பிறகு ஒரு மந்தமான பகுதி வரும். நித்திரை கொள்வதானால் அப்போது கொள்ளுங்கள். எல்லோரும் கொள்கிறார்கள், அது அவமரியாதை அல்ல. பிள்ளைகளைப் பாயில் கிடத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘கழுமரத்துக்கு எழுப்புங்கோ’ என்று சொல்லிவிட்டுத் தாய்மார் சாய்வது வழக்கம்.

கழுமரம் விடியப்புறம் வரும். அது வெறும் காட்சி அல்ல. பல ஊர்களில் காத்தான் கூத்தே நேர்த்திக்கு ஆடுவது. நோய் தீர்ந்ததற்கோ பிள்ளை கிடைத்ததற்கோ யாரோ வைத்த நேர்த்தி. காத்தான் மரமேறும்போது கற்பூரம் கொளுத்துவார்கள், சிலருக்கு உரு வரும், அதாவது சாமி வந்து ஆடுவார்கள். கைத்தொலைபேசியைப் பைக்குள் வையுங்கள். கைதட்டவும் வேண்டாம். சுற்றியிருப்பவர்கள் எழுந்தால் நீங்களும் எழுந்து நில்லுங்கள்.

இரண்டாவது கூத்து

அடுத்த வாரம் அதே கதையை வேறோர் ஊரில் பாருங்கள். எதைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் இரண்டே இடங்களைப் பிடித்துக்கொள்ளலாம். ஒன்று, ஒரே பாத்திரத்தின் வரவு. ஓர் ஊரில் ஆரியமாலை நிலம் பார்த்து வருவாள், மற்ற ஊரில் சபையை நேரே பார்த்து வருவாள். அது அண்ணாவியாரின் தீர்மானம், அல்லது அவருடைய அண்ணாவியாரின் தீர்மானம். மற்றது பிற்பாட்டு. ஆடுகிறவர் ஓர் அடியைப் பாடியதும் பின்னால் இருப்பவர்கள் அதை எடுத்துப் பாடும் வேகம் ஊருக்கு ஊர் மாறும். வேகமாக எடுக்கிற ஊரில் ஆடுகிறவருக்கு மூச்சு விட நேரமிருக்காது, ஆட்டம் துடிப்பாக இருக்கும், பாட்டு நசுங்கும். ஆறுதலாக எடுக்கிற ஊரில் வார்த்தை தெளிவாக விழும், இளைஞர்கள் கொட்டாவி விடுவார்கள். எது சரி என்று இரண்டு ஊர்க்காரரையும் ஒரே தேநீர்க் கடையில் வைத்துக் கேட்டுவிடாதீர்கள்.

பணமும் படமும்

இலவசம் என்றால் செலவில்லை என்று பொருள் அல்ல. உடுப்பு வாடகை, ஒளி, ஒலி, பழக்க நாட்களில் தேநீர் எல்லாம் ஊரின் தலையில்தான். கோயில் நிர்வாகம் வைத்திருக்கும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் உங்களால் இயன்றதை எழுதிக் கொடுங்கள். பிடித்த ஆட்டக்காரருக்கு மேடையிலேயே ரூபாய்த்தாள் குத்துவதும் சால்வை போர்ப்பதும் உண்டு. புதியவர்கள் அதைச் செய்யாமல் விடுவதே நல்லது, அதில் ஊருக்குள் ஒரு முறை வரிசை இருக்கும். வெளிநாட்டுக் காசைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையேற வேண்டவே வேண்டாம்.

வீடியோ எடுப்பதானால் அண்ணாவியாரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முழுவதையும் எடுத்து இணையத்தில் போடுவதைச் சிலர் விரும்பமாட்டார்கள். கூத்துக் கொப்பியைப் படம் பிடிக்கக் கேட்பது அதைவிடப் பாரதூரமானது. போரில் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் பல கொப்பிகள் போய்விட்டன, நினைவிலிருந்து திரும்ப எழுதி வைத்திருக்கிறார்கள். காட்டினால் பாருங்கள், கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

பார்ப்பதோடு நில்லாமல் பழகவும் ஆசை இருந்தால், கூத்து முடிந்த அன்றே அண்ணாவியாரிடம் போய்க் கேட்பது சரிவராது. அவர் விடிய விடிய நின்றிருப்பார். இரண்டு மூன்று நாள் கழித்து, வெற்றிலை பாக்கோடு வீட்டுக்குப் போங்கள். பழக்கம் பெரும்பாலும் அறுவடை முடிகிற கையோடு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும். முதல் வருடம் உங்களுக்குப் பிற்பாட்டில் ஓர் இடம் தருவார்கள். தாளம் பிசகினால் எல்லோருக்கும் முன்னால்தான் ஏசுவார். மறுநாளும் வரச் சொல்வார்.